கூத்துக் களரியில் ஒரு கேமரா

இரவு நிகழ்ச்சிகளில் படமெடுப்பவர்களிடம் முதலில் கேட்கப்படுவது ‘என்ன கேமரா?’ என்ற கேள்விதான். அடுத்தது ‘என்ன லென்ஸ்?’. செய்யாறு, வந்தவாசி, காஞ்சிபுரம் வட்டாரத்துக் கிராமங்களில் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தெருக்கூத்தைப் படமெடுத்து வருபவன் என்ற முறையில் இவ்விரு கேள்விகளுக்கும் பலமுறை பதில் சொல்லியிருக்கிறேன். ‘இந்தக் கூத்தை இதற்கு முன் எத்தனை முறை பார்த்திருக்கிறீர்கள்?’ என்று மட்டும் எவரும் கேட்டதில்லை. குறைந்த வெளிச்சத்தில், கையில் பிடித்த கேமராவால், துலக்கமான படம் எடுப்பது குறித்து எனக்குத் தெரிந்தவற்றில் பாதிக்கு மேல் அந்த மூன்றாவது கேள்விக்குள்தான் இருக்கிறது. ஆனாலும் முதலிரண்டு கேள்விகளை அலட்சியப்படுத்த முடியாது. கருவியின் கணக்கு புரிந்தால்தான், அந்தக் கணக்கு எங்கே போதாமல் போகிறது என்பதும் புரியும். எனவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

படம் கலங்கிப்போவதற்குக் காரணங்கள் மூன்று. ஒன்று, எடுப்பவரின் கை அசைவது. இரண்டு, எடுக்கப்படுபவர் அசைவது. மூன்று, ஃபோகஸ் தவறுவது. மேலோட்டமாகப் பார்க்கையில் மூன்றும் ஒன்றுபோலத் தோன்றும். பெரிதாக்கிப் பார்த்தால் எளிதில் பிரித்தறியலாம். கை அசைந்திருந்தால் பின்னாலிருக்கும் பந்தல்கால் உட்படப் படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருக்கும். கூத்தர் அசைந்திருந்தால் பந்தல்கால் துலக்கமாகவும் முகம் கரைந்தும் தெரியும். ஃபோகஸ் தவறியிருந்தால் கிரீடத்தின் ஓரமோ தோள்கட்டையோ மிகத் துல்லியமாக இருக்கும், கண் மட்டும் மங்கியிருக்கும். எது நோய் என்று பார்க்காமல் மருந்து தேடுவதால்தான் பலர் விலை உயர்ந்த கேமராவை வாங்கிய பிறகும் பழைய படங்களையே மீண்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கை அசைவுக்கு ஃபிலிம் காலத்திலிருந்தே ஒரு கணக்கு உண்டு. லென்ஸின் குவியத் தொலைவு 50 மில்லிமீட்டர் என்றால் ஷட்டர் வேகம் 1/50 விநாடிக்குக் குறையக்கூடாது. 200 மில்லிமீட்டர் என்றால் 1/200. சென்சார் சிறிதாக இருக்கும் கேமராக்களில் இதை ஒன்றரை மடங்காகக் கொள்ளவேண்டும். இது சட்டமல்ல, அனுபவத்தில் கண்ட ஒரு மதிப்பீடு. இரவு முழுக்க நடக்கும் கூத்தில், அதிகாலை மூன்று மணிக்குத் தூக்கத்தில் தள்ளாடும் உடலுக்கு இந்தக் கணக்கும் போதாது. முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்வது, பாதி மூச்சை வெளியேவிட்டு நிறுத்திக்கொண்டு அழுத்துவது, பந்தல்காலில் தோளைச் சாய்ப்பது, தரையில் அமர்ந்து முழங்காலையே தாங்கியாக்கிக்கொள்வது ஆகிய பழைய வித்தைகள் எல்லாம் இன்றும் பயன்படுகின்றன. கேமராவின் அடியிலுள்ள திருகுத் துளையில் ஒரு கயிற்றைக் கட்டி, அதன் மறுமுனையைக் காலால் மிதித்துக்கொண்டு மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கும் முறையும் உண்டு. பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், ஆனால் கை நிற்கும். மூன்று படங்களைத் தொடராக எடுத்தால் பெரும்பாலும் நடுவில் உள்ளதே நன்றாக இருக்கும். விரல் அழுத்தும் அதிர்வு முதல் படத்தையும், விடும் அதிர்வு கடைசிப் படத்தையும் தொட்டுவிடுகின்றன.

டிரைபாட் இருக்கிறதே என்று கேட்கலாம். கூத்துக் களரியை நேரில் கண்டவர்கள் கேட்கமாட்டார்கள். மூன்று பக்கமும் பாய் விரித்து மக்கள் உட்கார்ந்திருப்பார்கள். நள்ளிரவுக்குப் பிறகு குழந்தைகள் அந்தப் பாய்களிலேயே உறங்கிவிடுவார்கள். அந்த இடத்தில் மூன்று கால்களை ஊன்றுவது அமர்ந்திருப்பவர்களின் இடத்தைப் பறிப்பதாகும். மேலும் டிரைபாட் என் கையைத்தான் நிறுத்தும், ஆடுபவரை நிறுத்தாது.

லென்ஸ் பற்றி ஒரு கணக்கைச் சொல்லவேண்டும். கேமராவோடு சேர்த்துத் தரப்படும் சாதாரண ஜூம் லென்ஸின் துளை, நீட்டிய நிலையில், எஃப் 5.6 அளவுக்கே திறக்கும். விலை குறைந்த 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று எஃப் 1.8 வரை திறக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழப் பத்து மடங்கு வெளிச்சம். முதல் லென்ஸில் 1/10 விநாடி தேவைப்படும் இடத்தில் இரண்டாவதில் 1/100 விநாடி போதும். ஆனால் இந்தக் கொடைக்கு ஒரு விலை இருக்கிறது. முழு அளவு சென்சார் கொண்ட கேமராவில், மூன்று மீட்டர் தொலைவில் நிற்கும் ஒருவரை எஃப் 1.8இல் எடுத்தால், துலக்கமாகத் தெரியும் ஆழம் 40 சென்டிமீட்டர் அளவே. இரண்டு மீட்டருக்கு நெருங்கினால் அது ஒரு சாணுக்கும் குறைந்துவிடும். மார்ப்பதக்கமும் புஜக்கட்டைகளும் கிரீடமும் அணிந்து நிற்கும் கட்டை வேஷக்காரரின் முன்னுடலுக்கும் முதுகுக்கும் இடையே அதைவிட அதிக தூரம் இருக்கிறது. எனவே எதைத் துலக்கமாக்குவது என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளவேண்டும். நான் எப்போதும் கண்ணைத்தான் தேர்ந்தெடுப்பேன், அதிலும் எனக்கு அருகில் இருக்கும் கண்ணை.

ஐ.எஸ்.ஓ. எண்ணை ஏற்றுவதற்கு இன்றும் பலர் அஞ்சுகிறார்கள். 400 வேகமுள்ள ஃபிலிமைக் கூடுதல் நேரம் கழுவி 1600 என்று வைத்து எடுத்த காலத்தின் அச்சம் அது. 2007ஆம் ஆண்டு வெளிவந்த நிக்கான் டி3 கேமரா 6400 வரை சாதாரணமாகவும், தேவைப்பட்டால் 25,600 வரையிலும் எடுக்க வழிசெய்தது. இரவுப் படங்களின் வரலாற்றில் அது ஒரு திருப்பம். ஐ.எஸ்.ஓ.வை ஏற்றுவதுதான் படத்தில் மணல் தூவியதுபோன்ற பொரிகளை உண்டாக்குகிறது என்ற எண்ணம் முழு உண்மையல்ல. முதன்மையான காரணம் ஒளி குறைவாக வந்து சேர்வது. தூறலில் முற்றத்தில் வரிசையாகக் கிண்ணங்களை வைத்துப் பாருங்கள். சிறிது நேரத்தில் எடுத்தால் ஒன்றில் ஐந்து துளி, அடுத்ததில் ஒன்பது துளி என்று ஏற்றத்தாழ்வாக இருக்கும். நன்றாகப் பெய்தபின் எடுத்தால் எல்லாமே ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். ஒளியும் இப்படித்தான் துகள்களாக வந்து விழுகிறது. பத்தாயிரம் துகள்கள் விழும் இடத்தில் ஏற்றத்தாழ்வு நூறு, அதாவது நூற்றில் ஒரு பங்கு. நூறு துகள்களே விழும் இடத்தில் ஏற்றத்தாழ்வு பத்து, அதாவது பத்தில் ஒரு பங்கு. ஐ.எஸ்.ஓ.வைக் குறைத்து வைத்து இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு கணினியில் வெளிச்சமாக்கினாலும் அந்தப் பொரிகள் வந்தே தீரும். ஆகவே நான் 3200, 6400 என்று வைத்துக்கொள்ளத் தயங்குவதில்லை. பொரி விழுந்த படத்தில் புருவம் எங்கே முடிகிறது என்று சொல்லிவிடலாம். கலங்கிய படத்தில் சொல்ல முடியாது.

களரியின் விளக்குகளும் காலத்தோடு மாறிவந்திருக்கின்றன. தீவட்டியில் ஆடியவர்களின் அடுத்த தலைமுறை பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஆடியது. பின்னர் குழல்விளக்கு வந்தது, இப்போது எல்.இ.டி. விளக்குகள். பழைய குழல்விளக்கு நம் மின்சாரத்தில் விநாடிக்கு 100 முறை மங்கி மங்கி எரிகிறது. கண்ணுக்கு இது தெரியாது. 1/250 விநாடி ஷட்டருக்குத் தெரியும். அடுத்தடுத்து எடுத்த படங்களில் ஒன்று வெளிச்சமாகவும் மற்றது மங்கலாகவும் வருவதற்கு இதுவே காரணம். 1/100 அல்லது 1/50 என்று வைத்தால் ஒவ்வொரு படத்துக்கும் முழுச் சுற்றுகள் கிடைப்பதால் வெளிச்சம் சீராகும். சிவப்பும் நீலமுமாக மாறும் எல்.இ.டி. விளக்குகளின் தொல்லை வேறுவகை. முகம் முழுதும் சிவப்பு அரிதாரம் பூசிய வேஷக்காரர் மீது சிவப்பு விளக்கு விழுந்தால் சென்சாரின் சிவப்புப் பகுதி நிரம்பி வழிந்துவிடும். முகத்திலிருந்த கோடுகள் எல்லாம் ஒரே குழம்பாகிவிடும். பார்ப்பவர்கள் ஃபோகஸ் தவறிவிட்டது என்று நினைப்பார்கள். அங்கே ஒளி அளவைக் குறைத்தே எடுக்கவேண்டும்.

ஃபிளாஷ் பற்றி நான் சொல்வதைவிட ஒரு வாத்தியார் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். செய்யாற்றுப் பக்கத்துக் குழு ஒன்றின் வாத்தியார் அவர். துரியோதனன் வேஷத்துக்குப் பேர்போனவர். படமெடுக்க அனுமதி கேட்டு முதல்முறை சென்றபோது முகத்தில் பாதி வண்ணத்தோடு கண்ணாடி முன் அமர்ந்திருந்தவர் திரும்பாமலே சொன்னார்: “எடுத்துக்கோ சார், வேணான்னு சொல்லல. அந்தப் பளிச்சுனு அடிக்கிற லைட்டு மட்டும் வேணாம். கண்ணுல அடிச்சா ரெண்டு தாளத்துக்கு எதிர்ல நிக்கறவன் தெரிய மாட்டேங்கறான். இத்தினி எடையக் கட்டிக்கினு சுத்தறவன் எங்க போயி விழுவேன், சொல்லு.” கட்டைகளில் பதித்த கண்ணாடிச் சில்லுகள் ஒவ்வொன்றும் ஃபிளாஷை ஒரு வெள்ளைப் பொட்டாகத் திருப்பியடிக்கும் என்பதும், நேரே அடிக்கும் ஒளி முகத்தின் மேடு பள்ளங்களை அழித்துவிடும் என்பதும் படமெடுப்பவனின் காரணங்கள். ஆடுபவரின் காரணம் அவற்றுக்கெல்லாம் முந்தியது. ஆட்டோஃபோகஸுக்கு உதவ கேமரா தானே வீசும் சிறு விளக்கையும் இதே காரணத்துக்காக அணைத்துவைக்கவேண்டும்.

*

இத்தனை கணக்குகளுக்குப் பிறகும் மிஞ்சுவது இரண்டாவது காரணம்: ஆடுபவரின் அசைவு. நல்ல லென்ஸும் உயர்ந்த ஐ.எஸ்.ஓ.வும் சேர்ந்து எனக்குக் களரியில் வழக்கமாகத் தருவது 1/100, 1/125 விநாடி. பேசிக்கொண்டிருக்கும் முகத்துக்கு அது போதும். சுழன்றாடும் கூத்தருக்கு 1/500 கூடப் போதாது. இந்த இடைவெளியைக் கடையில் வாங்க முடியாது.

இது புதிய சிக்கலும் அல்ல. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து எர்னமான் நிறுவனம் 1924இல் எர்மனாக்ஸ் என்றொரு கேமராவை வெளியிட்டது. எஃப் 2 அளவுக்குத் திறக்கும் லென்ஸ் அதில் இருந்தது. அந்தக் காலத்தில் அது வியப்புக்குரிய விஷயம். சட்டம் படித்தவரான எரிக் சாலமன் 1928 முதல் அந்தக் கேமராவுடன் நீதிமன்றங்களுக்குள்ளும் அரசியல் மாநாடுகளுக்குள்ளும் நுழைந்து, அங்கிருந்த வெளிச்சத்திலேயே படமெடுத்தார். ஒரு நேரத்தில் ஒரு கண்ணாடித் தட்டுதான். அடுத்த படத்துக்குத் தட்டை மாற்றவேண்டும். 1930 ஜனவரியில் ஹேக் மாநாட்டில் நள்ளிரவு தாண்டிய பிறகு அமைச்சர்கள் நாற்காலிகளில் சாய்ந்து கண்ணயர்ந்து கிடப்பதை அவர் எடுத்த படம் புகழ்பெற்றது. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான்: களைத்த உடல்கள் அசைவதில்லை. மனிதர்கள் எப்போது நிலைகொள்வார்கள் என்பதை அறிந்துகொண்டு அதுவரை விழித்திருந்தவர் சாலமன். யூதரான அவர் 1944இல் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார்.

திரைப்படத்திலும் இதற்கொரு சான்று உண்டு. ஸ்டான்லி குப்ரிக் 1975இல் வெளியிட்ட ‘பாரி லிண்டன்’ படத்தின் சில அறைக் காட்சிகளை மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே எடுத்தார். நாசாவுக்காக ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் உருவாக்கிய எஃப் 0.7 லென்ஸ் அதற்குப் பயன்பட்டது. எஃப் 1.4 லென்ஸைப்போல் நான்கு மடங்கு ஒளியை அது உள்ளே விடும். அவ்வளவு ஒளி வந்தும், துலங்கும் ஆழம் மிகக் குறைவு என்பதால் நடிகர்கள் தம் இடத்தைவிட்டு அதிகம் அசையாமல் நடிக்கவேண்டியிருந்தது. உலகின் மிகச்சிறந்த லென்ஸ்களில் ஒன்று கையில் இருந்தபோதும் கடைசியில் மனிதர்களின் அசையாமைதான் தேவைப்பட்டது. குப்ரிக்கால் நடிகர்களை அசையாதிருக்கச் சொல்ல முடிந்தது. களரியில் அப்படிச் சொல்லும் உரிமை நமக்கில்லை. அங்கே அசையாமை தானாக வரும் இடங்களைத் தெரிந்துவைத்திருக்கவேண்டும்.

கூத்தில் அப்படிப்பட்ட இடங்கள் பல. முதலாவது திரை. முக்கியமான வேஷம் களரிக்குள் வரும்போது இருவர் ஒரு துணியை விரித்துப் பிடித்துக்கொள்வார்கள். வேஷக்காரர் அதன் பின்னால் நின்று பாடுவார், ஆடுவார், முகத்தைக் காட்டியும் மறைத்தும் நம்மை ஏங்கவைப்பார். அந்த விருத்தத்தின் கடைசி இழுப்பில், முகம் திரைக்கு மேலே நிலைத்து நிற்கும். மூச்சு முழுக்கக் குரலுக்குப் போவதால் தலை அசையாது. ஒரு விநாடி, சிலரிடம் ஒன்றரை விநாடி. 1/60இல் கூட எடுத்துவிடலாம்.

இரண்டாவது, தாளத்தின் முடிவு. மிருதங்கம் ஒரே சொற்கட்டை மூன்று முறை அடுக்கி வாசித்து முடிக்கும்போது மூன்றாம் முறையின் கடைசி அடியில் கால் தரையில் ஊன்றி நிற்கும். மூன்றாம் முறை தொடங்கும்போதே விரலைத் தயாராக வைத்திருக்கவேண்டும். கண்ணால் பார்த்துவிட்டு அழுத்தினால் நேரம் கடந்திருக்கும். காதால் கேட்டு அழுத்தவேண்டும். மார்கழியில் சபாக்களில் படமெடுக்கும் நண்பர்களும் இதையே சொல்கிறார்கள். ஆலாபனையில் பாடகர் மேல் ஷட்ஜத்தில் வந்து நிற்கும் கணத்தை ராகத்தின் போக்கு முன்பே அறிவித்துவிடுகிறது. ராகம் தெரியாதவருக்கு அது தற்செயலாகத் தோன்றும்.

மூன்றாவது இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. கட்டியங்காரன் பேசும் நேரம். ராஜா விசிப்பலகையில் ஒரு காலை வைத்துக்கொண்டு, கட்டியங்காரனின் கிண்டல்களைக் கேட்டபடி நிற்பார். ஊர் சிரித்துக்கொண்டிருக்கும். கேமரா கொண்டுவந்தவர்களில் பலர் டீ குடிக்கப் போவது இந்நேரத்தில்தான். ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும் முகத்தைப்போல் நிலைத்த முகம் வேறில்லை. சிரிக்கக்கூடாத வேஷத்துக்குள் இருந்துகொண்டு சிரிப்பை அடக்கும் அந்த முகத்தில் வேஷமும் மனிதரும் ஒருசேரத் தெரிவார்கள். 1/30 விநாடியில், பந்தல்காலில் சாய்ந்துகொண்டு, அந்த முகத்தை எடுத்திருக்கிறேன்.

இவை எதையும் முதல் இரவில் கண்டுபிடிக்க முடியாது. ‘துகிலுரிதல்’ கூத்தைச் சில முறை முழுதாகப் பார்த்த பிறகுதான் துச்சாதனன் எந்த அடிக்குப் பிறகு களைத்து நிற்பான் என்பது உடலில் பதிகிறது. அதிலும் குழுவுக்குக் குழு மாறும். ஒரு ரசிகருக்குக் கூத்தில் எவை முக்கியமான இடங்களோ, அவையே பெரும்பாலும் அசைவு நிற்கும் இடங்களாகவும் இருக்கின்றன. கூத்தை வடிவமைத்தவர்கள் எங்கே நம் கண் நிற்கவேண்டும் என்று விரும்பினார்களோ அங்கேதான் ஆட்டத்தை நிறுத்தியிருக்கிறார்கள்.

*

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், துலக்கம் என்பது படமெடுப்பவனின் பெருமை சார்ந்த விஷயம் என்றுதான் நானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். நான் குறிப்பிட்ட அந்த வாத்தியார் 2019ஆம் ஆண்டு இறுதியில் காலமானார். அடுத்த மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பாரதக் கூத்து நடக்கும் மாதங்கள் அந்த ஆண்டு வெறுமையாகக் கழிந்தன. ஒரு மாலை அவருடைய மகன் தொலைபேசியில் அழைத்தார். அவரும் கூத்தர்தான். சிறுவயதில் பெண் வேஷங்களிலும் பிறகு துச்சாதனனாகவும் ஆடிவந்தவர். இனி தந்தையின் துரியோதனன் அவருக்கு.

“ஆட்டம் தெரியும்ணா. பாட்டும் தெரியும். அப்பா மொகத்த தெனம் பாத்தவன்தான் நானு. ஆனா புருவத்துக்கு மேல வைக்கிற அந்த வெள்ளப் புள்ளி எங்க ஆரம்பிச்சி எங்க முடியுதுன்னு கேட்டா சொல்லத் தெரியல. அவரு எழுதும்போது நான் என் மொகத்த எழுதிக்கினு இருப்பேன்.”

கூத்தர்கள் தம் முகத்தைத் தாமே எழுதிக்கொள்கிறார்கள். ஆளுக்கொரு கைக்கண்ணாடி. பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க நேரமிருப்பதில்லை. நாற்பதாண்டுகள் ஒரு முகத்தில் எழுதப்பட்டுக் காலையில் எண்ணெய் தடவித் துடைக்கப்பட்ட அந்தக் கோடுகளுக்கு எழுத்து வடிவில் பதிவு ஏதுமில்லை. மகன் என்னிடம் கேட்டது நினைவுப் படம் அல்ல. அதுபோல் வீட்டில் மாலை போட்டு ஒன்று மாட்டியிருந்தார்கள். அவருக்குத் தேவைப்பட்டது பாடம்.

பல ஆண்டுகளின் படங்களையும் திறந்து வைத்துக்கொண்டு அமர்ந்தேன். அந்த ஒரு வேஷத்தில் மட்டும் ஆயிரக்கணக்கில் படங்கள் இருந்தன. சுழற்சியில் பாவாடை வட்டமாக விரியும் படங்கள், நண்பர்கள் பாராட்டிய படங்கள், கண்காட்சியில் வைத்த படங்கள் எல்லாம் அதில் அடக்கம். முகத்தின் புள்ளிகளை எண்ணக்கூடியதாக இருந்தவை நாற்பதைத் தாண்டவில்லை. அவற்றில் பாதிக்கு மேல் திரையில் எடுத்தவை. மீதியில் பெரும்பகுதி கட்டியங்காரனைக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் எடுத்தவை. அழகென்று நான் ஒதுக்கிவைத்திருந்தவற்றில் ஒன்றிரண்டு மட்டுமே அவருக்குப் பயன்பட்டன. அழகு குறைந்தவை அல்ல அவை. அவற்றின் வேலை வேறு. பாவாடையின் கலக்கம் ஆட்டத்தைச் சொல்கிறது. புருவம் கலங்கினால் அது எதையும் சொல்வதில்லை.

இன்றைய கருவிகள் பற்றி இங்கே ஒரு வார்த்தை. அசைவைச் சரிசெய்யும் அமைப்பு 1995இல் முதன்முதலாக எஸ்.எல்.ஆர். கேமராவின் லென்ஸுக்குள் வந்தது. 2012க்குப் பிறகு சென்சாரே ஐந்து வகைகளில் அசைந்து கை நடுக்கத்தை ஈடுசெய்யும் கேமராக்கள் வந்தன. எடுப்பவரின் நடுக்கத்துக்கு இவை அருமருந்து. ஆடுபவரின் அசைவுக்கு இவற்றால் பயனில்லை. கண்ணைத் தானே கண்டுபிடித்து ஃபோகஸ் செய்யும் வசதியும் வந்துவிட்டது. ஆனால் முழு அரிதாரத்தில், விரித்து எழுதிய கண்களும் மீசையும் கொண்ட துரியோதனனின் முகம் சில சமயம் அதைக் குழப்பிவிடுகிறது. பதக்கத்தின் கண்ணாடிச் சில்லில் போய் நின்றுவிடும். பொரிகளை நீக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் 2020க்குப் பிறகு வியப்பூட்டும் அளவுக்கு வளர்ந்துள்ளன. திருமணப் படங்களுக்கு நானே பரிந்துரைப்பேன். ஆனால் வாத்தியாரின் படமொன்றை அதில் இட்டுப் பார்த்தபோது கன்னத்து வெள்ளைப் புள்ளிகளில் இரண்டு சேர்ந்து ஒன்றாகிவிட்டன. படம் பளிங்குபோல் இருந்தது. இல்லாத ஒன்று அதில் இருந்தது. பொரி என்பது ‘இங்கே எனக்குச் சரியாகத் தெரியவில்லை’ என்று கேமரா சொல்லும் வாக்குமூலம். அதைத் துடைத்துவிட்டால், தெரியாத இடமும் தெரிந்த இடமும் ஒரே தோற்றம் கொண்டுவிடுகின்றன. மகனுக்கு நான் அனுப்பியவை பொரி நிறைந்த மூலப் படங்கள்.

இக்கதை இங்கே முடிந்திருந்தால் என் படங்களின் மீது எனக்கு அளவுகடந்த மதிப்பு வந்திருக்கும். ஊரடங்கு தளர்ந்த பிறகு அவர் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அச்சிட்டுச் சுவரில் ஒட்டியிருந்த படங்களைப் பார்த்தபடி, அந்தக் குழுவில் நெடுங்காலம் முகவீணை வாசித்த பெரியவர் திண்ணையில் அமர்ந்திருந்தார். “இது கடைசி காலத்துப் புருவம்டா,” என்றார். “உங்கப்பன் வாலிபத்துல இத நூலு மாதிரி இழுப்பான். அப்பறம் கை நடுங்க ஆரம்பிச்சிது. நடுக்கம் தெரியக்கூடாதுன்னு தடியாப் போட்டுக்கினான்.”

மகன் உடனே மறுத்தார். “கை நடுக்கம் இல்ல பெரிப்பா. லைட்டு மாறிச்சி. பெட்ரோமாக்ஸுல நூலு கோடு எடுபடும். இந்த வெள்ள லைட்டுல அது முழுங்கிப் போவுது. அதான் தடியாக்கினாரு.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள், படமெடுத்தவனுக்குத் தெரிந்திருக்கும் என்பதுபோல. புருவத்தின் அகலத்தைப் படம் துல்லியமாகக் காட்டியது. அதன் விளிம்பில் வண்ணம் உலர்ந்து வெடித்திருந்ததையும் காட்டியது. அந்த அகலம் நடுங்கும் கையின் தேவையா, மாறிய விளக்குக்கு ஒரு கலைஞர் கண்ட தீர்வா என்பது அதில் இல்லை. அவருடைய இளமைக்காலப் படம் ஒன்று அந்த வீட்டில் இருந்தது. ஏதோ ஸ்டுடியோக்காரர் களரியில் எடுத்தது. கிரீடம் தெரிகிறது, மீசை தெரிகிறது, புருவம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கரிய நிழல் மட்டும் இருக்கிறது.

2022இல் கூத்துகள் பழையபடி நடக்கத் தொடங்கியபோது மகன் துரியோதனனாக ஆடினார். புருவத்தைத் தடித்த கோடாகவே எழுதியிருந்தார். வெளிப்பக்க முனையை மட்டும் நூல்போல் மெலிதாக்கி நெற்றிப்பொட்டு நோக்கி இழுத்துவிட்டிருந்தார். அந்த முனை என் படங்களில் இல்லாதது. பெரியவர் சொன்னதிலிருந்து எடுத்துக்கொண்டாரா, தாமே கண்டுகொண்டாரா என்று நான் கேட்கவில்லை. முகவீணைப் பெரியவர் முன்வரிசையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது மகனின் முகத்தைப் படமெடுத்துக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொரு ஆண்டும் சில இரவுகள். விருத்தத்தின் கடைசி இழுப்பில் அவர் திரைக்கு மேலே நிற்கும் நேரம் தந்தையைவிடக் குறைவு. இளமையின் அவசரம், முக்கால் விநாடிக்குள் தலை திரும்பிவிடுகிறது. அதற்கேற்ப ஷட்டரை 1/60இலிருந்து 1/125க்கு ஏற்றி, ஐ.எஸ்.ஓ.வை இரண்டு மடங்காக்கி வைத்திருக்கிறேன். வயது ஏற ஏற அவர் நிற்கும் நேரம் கூடும். அப்போது பழைய அளவுக்குத் திரும்பிக்கொள்ளலாம்.